அண்ணே, ஒரு போட்டோ எடுத்துக்கவா?

உலகத்தில் மூன்று காரியங்களுக்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும். மார்ச் மாசக் கடைசியில் மேனேஜரிடம் லீவு கேட்பது. காலை முதல் டிரிப்பில் கண்டக்டரிடம் 500 ரூபாய் நோட்டை நீட்டுவது. முன்பின் தெரியாத ஆளிடம் போய், ‘அண்ணே, உங்களை ஒரு போட்டோ எடுத்துக்கவா?’ என்று கேட்பது. முதல் இரண்டும் திட்டோடு போய்விடும். மூன்றாவதில் என்ன கிடைக்கும் என்று சொல்ல முடியாது. டீயும் கிடைக்கலாம், ‘யார்ரா நீ’யும் கிடைக்கலாம்.

மலையைப் படம் எடுத்தால் மலை கேட்பதில்லை. மயிலும் கேட்பதில்லை, தோகையை விரிப்பதா வேண்டாமா என்பதோடு அதன் அதிகாரம் முடிந்தது. மனுஷ முகம் ஒன்றுதான் ‘எதுக்கு?’ என்று திருப்பிக் கேட்கும். அந்த ‘எதுக்கு’வுக்குப் பதில் சொல்லக் கற்றுக்கொள்வதுதான் இந்த வித்தையில் முக்கால்வாசி. லென்ஸ், ஷட்டர், வெளிச்சம் எல்லாம் மிச்சமுள்ள கால்வாசிக்குள் அடக்கம்.

இதைப் பழகத் தோதான இடம் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன் - புதுக்கோட்டை மாவட்டம்.

மாமல்லபுரத்தில் கேமராவைத் தூக்கினாலே எதிரில் இருப்பவர் தானாக ஒரு போஸ் கொடுத்துவிடுவார். ஆயிரம் டூரிஸ்ட்டுக்குக் கொடுத்த அதே போஸ். புதுக்கோட்டைப் பக்கம் முகங்கள் இன்னும் அப்படித் தேய்ந்து போகவில்லை. திருச்சியிலிருந்து ஒன்றரை மணி நேர பஸ். சென்னைக்காரர்களை ராமேஸ்வரம் போகும் ரயில் ராத்திரியோடு ராத்திரியாக இறக்கிவிடும். அலாரம் முக்கியம், தூங்கிவிட்டால் அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். சந்தை, கோட்டை, குகை ஓவியம், பூ மார்க்கெட், வாடிவாசல், கடற்கரை என்று ஒரே மாவட்டத்துக்குள் எல்லாம் இருக்கிறது. எல்லா இடத்திலும் மனுஷர்கள் இருக்கிறார்கள்.

இந்த ஊருக்கும் கேமராவுக்கும் சிநேகிதம் ரொம்பப் பழசு. மெட்ராஸ் ராஜதானியின் அரசாங்கப் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப், மாட்டு வண்டிகளில் கேமராவையும் ரசாயனத்தையும் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றியபோது தொண்டைமான் சீமைக்கும் வந்தார். 1858-ல் வெளிவந்த அவருடைய தொகுப்புகளில் புதுக்கோட்டைக்கென்றே ஒன்று உண்டு. டிரைப்பின் படங்களில் கல் பேசும், தூண் பேசும், மனுஷர்கள் அபூர்வம். அன்றைக்குக் காகித நெகட்டிவ். ஒரு படத்துக்கு நிமிஷக்கணக்கில் வெளிச்சம் விழ வேண்டும். அதுவரை அசையாமல் நிற்க கோபுரத்தால்தான் முடியும்.

இன்றைக்கு உங்கள் கையிலிருப்பது செகண்டில் 250-ல் ஒரு பங்கு நேரத்தில் வேலையை முடித்துவிடும். அதனால்தான் ஆபத்து. கேட்காமலே எடுத்துவிடலாம் பாருங்கள்!

* * *

முதல் பாடம், புதுக்கோட்டை சந்தைப்பேட்டை. வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை. சூரியன் வருவதற்கு முன்பே ஆடுகள் வந்துவிடும். ஆடுகளுக்கு முன்பே வியாபாரிகள்.

போனதும் கேமராவை வெளியே எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். பைக்குள் ஒளித்து வைத்து, சமயம் பார்த்து உருவுகிறவனைத்தான் சந்தை சந்தேகப்படும். கழுத்தில் தொங்கப் போட்டவனை, ‘பாவம், ஏதோ பத்திரிகைக்காரத் தம்பி’ என்று விட்டுவிடும். அப்புறம் ஒரு டீ. பத்து நிமிஷம் படமே எடுக்காதீர்கள். வேடிக்கை மட்டும். நீங்கள் வேடிக்கை பார்க்கும் அதே நேரத்தில் அவர்களும் உங்களை வேடிக்கை பார்த்து முடித்துவிடுவார்கள்.

அங்கே பார்க்க வேண்டியது துண்டு வியாபாரம். வாங்குகிறவர் கையும் விற்கிறவர் கையும் ஒரே துண்டுக்கு அடியில். விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள். எத்தனை விரல், எத்தனை நூறு என்பது பக்கத்தில் நிற்கிற ஆட்டுக்குக்கூடத் தெரியாது. துண்டுக்குக் கீழே ஆயிரக்கணக்கில் சண்டை நடக்க, மேலே இரண்டு முகங்களும் ஆடி மாசத்து அம்மன் கோயில் கூழுக்குக் காத்திருப்பதுபோல் அமைதியாக இருக்கும். உலகத்தில் எந்த ஸ்டூடியோவிலும் இப்படி ஒரு போர்ட்ரெய்ட் வராது. ஆனால் பேரம் நடக்கும்போது குறுக்கே போகாதீர்கள். துண்டு விலகட்டும். காசு கை மாறட்டும். அதற்கப்புறம் கேளுங்கள். வித்தவரும் சந்தோஷம், வாங்கினவரும் சந்தோஷம், அந்த நேரத்தில் யாரும் ‘வேண்டாம்’ சொல்வதில்லை.

கேட்டால் என்ன பதில் வரும்? பெரும்பாலும் மூன்றில் ஒன்று.

‘எந்தப் பேப்பர்ல வரும்?’ இது ஆசை.

‘எதுக்கு, லோனுக்கா?’ இது அனுபவம். இவர்களை இதுவரை படம் எடுத்ததெல்லாம் ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, ஆதார், சுய உதவிக் குழு என்று காரணத்தோடு வந்தவர்கள். காரணமே இல்லாமல் ஒருத்தன் தன் முகத்தைக் கேட்கிறான் என்பதை நம்ப அவர்களுக்குக் கொஞ்சம் நேரம் ஆகும்.

மூன்றாவது, ‘என்னைய எதுக்குத் தம்பி, ஆட்டை எடு. அதுதான் அழகா இருக்கு!’ இதற்குச் சரியான பதில்: ‘ஆட்டோட சேத்து உங்களையும் எடுக்குறேண்ணே.’

சரி, சம்மதித்துவிட்டார். உடனே என்ன செய்வார்? நெஞ்சை நிமிர்த்தி, கையை விறைத்து, மூச்சை அடக்கி, ஆதார் முகாமில் நிற்கிற மாதிரி நிற்பார். ‘இயல்பா இருங்க’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த வார்த்தையைக் கேட்டபின் இயல்பாக இருந்த மனுஷன் இதுவரை பிறக்கவில்லை. விறைப்பாகவே ஒரு படம் எடுங்கள், மரியாதையாக எடுங்கள். அது அவருக்கான படம். வீட்டில் மாட்ட நினைக்கிற படம் அதுதான். எடுத்து முடித்ததும் ‘அவ்வளவுதாண்ணே’ என்று சொல்லி கேமராவைக் கொஞ்சம் இறக்குங்கள். அடக்கிய மூச்சை விடுவார். தோள் இறங்கும். பக்கத்து ஆளைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு ஒன்று வரும். ‘அண்ணே, இன்னொண்ணு’ என்று சொல்லிக்கொண்டே இப்போது எடுத்தால், அது உங்களுக்கான படம். ஒரு முகத்துக்கு இரண்டு படம் என்று கணக்கு வைத்துக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

* * *

கொஞ்சம் டெக்னிக்கல். கொட்டாவி விடாதீர்கள், சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

லென்ஸ் 50 அல்லது 85 எம்.எம். போதும். ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து 300 எம்.எம்.மில் ‘பிடிக்கிற’ வேலைக்குப் போட்டோகிராபி என்று பெயரில்லை, ஒற்று வேலை. 50-க்கு நாலைந்து அடி தூரத்தில் நிற்க வேண்டியிருக்கும். பேசாமல் தப்பிக்க முடியாது. அதுதான் அந்த லென்ஸின் மகிமை. செல்போனிலும் எடுக்கலாம், ஜூம் பண்ணாமல் காலால் நடந்து கிட்டே போனால்.

வெயில் நேரம் வேண்டாம். புதுக்கோட்டை வெயில் உச்சியிலிருந்து இறங்கும்போது கண் இருக்கிற இடத்தில் இரண்டு கறுப்புக் குழிதான் தெரியும். காலை 8 மணிக்குள், இல்லாவிட்டால் சாயங்காலம் 4-க்கு மேல். நடுப்பகலில் எடுத்தே ஆக வேண்டுமானால் டீக்கடைத் தாழ்வாரம், வீட்டுத் திண்ணை. கூரைக்கு உள்ளே ஓரடி தள்ளி அவரை வெளிப்பக்கம் பார்க்க உட்கார வையுங்கள். தெருவின் மொத்த வெளிச்சமும் வடிகட்டி முகத்தில் வந்து விழும். ஃபோகஸ், கிட்டே இருக்கும் கண்ணில்.

முக்கியமான விஷயம் நிறம். நம்ம ஆட்கள் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கருத்த முகம். கேமராவின் மீட்டர் வேட்டியைப் பார்த்து மிரண்டுபோய் வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகம் கரியாகிவிடும். வேட்டியை மறந்துவிட்டு முகத்துக்கு மீட்டர் பாருங்கள்.

இது கேமராவின் பழைய வியாதி. ஃபிலிம் காலத்தில் கலர் சரி பார்க்க கோடக் கம்பெனி லேபுகளுக்கு ஒரு கார்டு அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். ‘ஷர்லி கார்டு’ என்று பெயர். அவள் தோல் சரியாக வந்தால் உலகமே சரி! கறுப்புத் தோல்காரர்கள் கேட்டதை விட, சாக்லேட் கம்பெனிகளும் மர பர்னிச்சர் கம்பெனிகளும் ‘எங்க பிரவுன் சரியா வரலை’ என்று புகார் சொன்ன பிறகுதான் கோடக் அசைந்தது என்கிறார்கள். ஃபிலிம் போய்விட்டது, வியாதி போகவில்லை. இப்போது அதற்கு ‘பியூட்டி மோடு’ என்று பெயர். ஆட்டுச் சந்தையில் 40 வருஷம் வெயிலில் நின்று சம்பாதித்த நிறத்தை ஒரே தட்டலில் சோப்பு விளம்பரமாக்கிவிடும். முதல் வேலையாக அதை ஆஃப் பண்ணுங்கள்.

* * *

இரண்டாம் பாடத்துக்கு சித்தன்னவாசல். டவுனிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். குன்றைக் குடைந்த சமணர் கோயில். விதானத்தில் தாமரைக் குளம் ஓவியம்; மீன், அன்னம், யானை, பூப் பறிக்கிறவர்கள். முன் தூண்களில் ஆடும் பெண்களும், ஒரு ராஜா ராணியும்.

அந்த ராஜா முகத்துக்கு முன்னால் நின்று பாருங்கள். யார் இவர்? முதலில் மகேந்திரவர்ம பல்லவன் என்றார்கள். பிறகு கல்வெட்டைப் படித்தார்கள். 9-ம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இந்த மண்டபத்தைப் புதுப்பித்தார் என்று தெரிந்தது. அதனால் இவர் பாண்டியனாக இருக்கலாம் என்றார்கள். திருப்பணி செய்தவர் பேர் கல்லில் இருக்கிறது. படத்தில் இருப்பவர் பேர் பக்கத்தில் இல்லை. ஒரு ராஜாவுக்கே இந்தக் கதி!

இதே கதை நம் காலத்திலும் நடந்தது. 1984-ல் பாகிஸ்தான் அகதி முகாம் ஒன்றில் ஸ்டீவ் மெக்கரி ஒரு பச்சைக்கண் சிறுமியை எடுத்தார். 1985 ஜூன் மாத ‘நேஷனல் ஜியாக்ரஃபிக்’ அட்டையில் வந்து, உலகத்திலேயே அதிகம் பேர் பார்த்த முகங்களில் ஒன்றானது. பேர் கேட்டு எழுதவில்லை. ‘ஆப்கன் பெண்’ என்றே 17 வருஷம் ஓடிப்போனது. 2002-ல் தேடிப்பிடித்தபோதுதான் ஷர்பத் குலா என்று தெரிந்தது. அதுவரை அந்தப் படத்தை அவர் பார்த்ததே இல்லை! உலகத்துக்கே தெரிந்த முகம், முகத்துக்குச் சொந்தக்காரருக்கு மட்டும் தெரியாது.

அதனால் இரண்டாம் பாடம் ரொம்பச் சின்னது. கேமராவோடு ஒரு நோட்டும் பேனாவும். படம் எடுத்ததும் பேர், ஊர், கதவு எண் அல்லது ‘முருகன் டீக்கடை பக்கத்தில்’ மாதிரி ஒரு அடையாளம். எழுதும்போது அவர்கள் முகம் மாறும் பாருங்கள். அதுவரை நீங்கள் ஒரு கேமரா. பேர் கேட்ட பிறகுதான் மனுஷன்.

* * *

பெண்களை எப்படிப் படம் எடுப்பது? நண்பர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. ஆண்களிடம் கேட்கிற மாதிரியேதான், இன்னும் கொஞ்சம் தள்ளி நின்று.

1991-ல் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். படிக்க வந்த பெண்கள் அப்படியே சைக்கிளும் பழகினார்கள். ஒருவர் இருவரில்லை, ஊர் ஊராக. ஒரு லட்சம் பேருக்கு மேல் என்று பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதினார், 1996-ல் வந்த அவருடைய புத்தகத்தில் அந்தக் கட்டுரை இருக்கிறது. தெருவில் சைக்கிளில் போன முதல் நாள் அந்தப் பெண்களை ஊர் எப்படி முறைத்திருக்கும், எத்தனை கமென்ட் அடித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முறைத்த கண்களைத் தாண்டி மிதித்துக்கொண்டு போனவர்கள் இன்றைக்கு அக்காக்களாகவும் அப்பத்தாக்களாகவும் இருக்கிறார்கள். உங்கள் கேமராவுக்கெல்லாம் பயப்படுகிற ஆட்கள் இல்லை அவர்கள். மரியாதையாகக் கேட்டால் மரியாதையாகப் பதில் வரும்.

கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் காலையில் பூ மூட்டைக்கு நடுவில் நின்றிருந்த ஓர் அக்காவிடம் கேட்டேன். ‘எடு தம்பி. இரு, மொத தலையச் சீவிக்கிறேன். நீ எடுத்து நாலு பேருக்குக் காட்டுவ, கிறுக்கச்சி மாதிரி நிக்கவா?’ என்றார். எனக்கு அந்தக் கலைந்த தலைதான் பிடித்திருந்தது. ஆனால் தலை அவருடையது. காத்திருந்தேன்.

குளத்தங்கரை, ஊருணி, துணி மாற்றும் இடம் பக்கமெல்லாம் கேமரா பையைவிட்டு வெளியே வரவே கூடாது. இப்படி ஒரு பெண்ணை அவர் அறியாமல் படம் எடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா 77-வது பிரிவின்படி குற்றம், ஜெயில் உண்டு. குழந்தைகள் என்றால் குழந்தையிடமும் கேட்க வேண்டும், கூட இருக்கும் பெரியவர்களிடமும் கேட்க வேண்டும்.

சரி, கேட்டால் முகம் மாறிவிடுமே, அசல் முகம் போய்விடுமே? நியாயமான சந்தேகம்தான். அமெரிக்காவில் வாக்கர் எவன்ஸ் என்கிற பெரிய மேதை 1938-லிருந்து 41 வரை கோட்டுக்குள் கேமராவை ஒளித்துக்கொண்டு நியூயார்க் சுரங்க ரயிலில் எதிர் சீட்டு ஆட்களை எடுத்தார். அற்புதமான முகங்கள். ஆனால் புத்தகமாக வெளியிட 1966 வரை காத்திருந்தார். ஒளித்து எடுத்தவருக்கே அவ்வளவு தயக்கம்! கூட்டத்தில் கேட்க முடியாது என்பதும் உண்மைதான். தை மாச ஜல்லிக்கட்டில் வாடிவாசல் திறக்கும்போது, ‘எக்ஸ்க்யூஸ் மீ’ என்று யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அங்கே எல்லா கேமராவும் காளையைப் பார்க்கும். நீங்கள் திரும்பி கேலரியைப் பாருங்கள். ஒரே செகண்டில் நூறு முகம் ஒரே மாதிரி வாயைப் பிளக்கும். அது ஊரின் முகம். தனி ஒருவரின் முகம் என்றால், கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கேட்டால் ‘வேண்டாம்’ என்றும் சொல்வார்கள். கடற்கரைப் பக்கம் ஜெகதாப்பட்டினத்தில் வலைக் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு தாயார், நான் வாயைத் திறப்பதற்குள் கையை ஆட்டினார். ‘வேணாம் தம்பி. போட்டோ குடுத்துக் குடுத்து அலுத்துப் போச்சு’. பக்கத்திலிருந்தவர் விளக்கினார். இங்கேயும் கோட்டைப்பட்டினத்திலும் எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை மீனவர்களைப் பிடித்துக்கொண்டு போவது அடிக்கடி நடப்பது. பிடிபட்டவனின் போட்டோவோடுதான் ஆபீஸ் ஆபீஸாக மனு கொடுக்க வேண்டும். அந்த வீடுகளில் போட்டோ என்றால் காத்திருப்பது என்று அர்த்தம். ‘வேணாம்’ என்பது முழுப் பதில். அதற்கு மேல் ‘ஒண்ணே ஒண்ணு’ என்று கெஞ்சுவது கெட்ட பழக்கம்.

* * *

குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலுக்கு முன்னால் முப்பதடிக்கும் மேல் உயரத்தில் ஒரு குதிரைச் சிலை தாவிக்கொண்டு நிற்கிறது. மாசி மகத்தன்று காகிதப்பூ மாலைகளில் முங்கிப்போய் நிற்கும். வருகிறவர்கள் எல்லோரும் குதிரையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நான் போனது கூட்டமில்லாத ஒரு சாதாரண நாள். குதிரையை எடுத்துவிட்டுப் பக்கத்துத் தெருவில் திரும்பியபோது ஓர் ஆயா கூப்பிட்டார். இந்த முறை கேட்டது நானில்லை.

‘ஏப்பா, மனுசங்களையும் எடுப்பியா?’

‘எடுப்பேன் ஆயா.’

‘என்னைய நல்லா ஒண்ணு எடுத்துக் குடு. ஆதார்ல இருக்குறது பேயி மாதிரி இருக்கு. நாளைக்கு நான் போய்ட்டா அதத்தான் பெருசு பண்ணி மாட்டுவானுக.’

சொல்லிவிட்டு உள்ளே போனார். இருபது நிமிஷம் கழித்து வேறு சேலையில், நெற்றி நிறைய திருநீறோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். சிரிக்கச் சொன்னேன்.

‘சிரிச்சா மால போட்ட படத்துக்கு நல்லாருக்குமா?’

சரி ஆயா, சிரிக்க வேண்டாம்.

‘அதுக்காக அழுத மூஞ்சியாவும் வேணாம்.’

எந்த ஸ்டூடியோ டைரக்டரும் எனக்கு இவ்வளவு தெளிவாக உத்தரவு போட்டதில்லை. ஆறு படம் எடுத்தேன். ஒவ்வொன்றையும் ஸ்கிரீனில் பார்த்து, நாலாவதைத் தேர்ந்தெடுத்தார். ஆயா சொன்னபடியே இருந்தது. சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. 80 வருஷம் இருந்தது.

கிராமத்தில் பல பெரியவர்களுக்கு உலகத்தில் இருக்கிற ஒரே தனிப்படம் அடையாள அட்டையில் இருக்கிற தபால்தலை சைஸ் படம்தான். கண் பாதி மூடி, கன்னம் ஒட்டி, பின்னால் கசங்கின வெள்ளைத் துணி. கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸில் ஆறடிக்கு ஊதிப் பெருக்கி வைப்பது அதைத்தான். நாம் லைக்குக்காகத் தேடிப் போகிற முகத்துக்கு, நல்லதாக ஒரு படம்கூட இல்லை. அதைக் கேமராவில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறிவிட்டால் கணக்கு உதைக்கிறது. பி.காமில் முதல் வருஷமே சொல்லிக் கொடுத்ததுதான்: ஒரு பக்கம் வரவு எழுதினால் மறு பக்கம் பற்று எழுதியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பேலன்ஸ் ஷீட் டேலி ஆகாது.

அதனால் மூன்றாம் பாடம், கடைசிப் பாடம்: பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பேரன் போன் மாற்றும்போது போய்விடும். காகிதம்தான் நிற்கும். மேக்ஸி சைஸ் பிரிண்ட் ஒன்றுக்கு ஆகிற செலவு ஒரு டீயும் வடையும். பின்னால் பேரும் தேதியும் எழுதுங்கள் (சித்தன்னவாசல் ராஜாவை நினைத்துக்கொண்டு). உறையில் போட்டு அந்த ஊர்ப் பின்கோடை எழுதித் தபாலில் சேர்த்தால், ‘முருகன் டீக்கடை பக்கத்தில்’ என்று இருந்தாலும் தபால்காரர் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். ஊருக்கே தெரிந்த முகம், உங்களுக்குத்தானே தெரியாதது!

ஆயாவின் படத்தைப் பெரிதாகப் போட்டு, கண்ணாடிச் சட்டம் மாட்டி, நானே அடுத்த மாசம் கொண்டுபோனேன். சுவரில் மாட்டலாம் என்று ஆணி தேடினால் மருமகள் விடவில்லை. ‘உசுரோட இருக்கும்போதே மாட்டக் கூடாது’ என்று சண்டை. கடைசியில் அது பழைய சேலையில் சுற்றப்பட்டு டிரங்குப் பெட்டிக்குள் போனது. பெட்டியை மூடுவதற்கு முன் ஆயா அதை ஒரு தடவை எடுத்துப் பார்த்தார்.

‘நல்லாத்தான் இருக்கேன்’ என்றார். ‘அவசரமில்ல, பொறுமையா மாட்டிக்கலாம்.’